பகலில் ஓட வேண்டிய ஃபேன்

அக்கா போன் செய்தபோது நான் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தேன். பார்சல் கிடங்கில் எனக்கு இரவு வேலை. விடிந்து வந்து படுத்தால் மதியச் சாப்பாடு வரை பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. போன் விடாமல் அடித்ததால் எடுத்தேன்.

"டேய், வண்டியிலேர்ந்து புகை வருதுடா. புகை இல்ல, ஆவி. நடு ரோட்டுல நிக்கிறேன்."

"எஞ்சினை ஆஃப் பண்ணிட்டியா?"

"ஆவியப் பாத்ததுமே பண்ணிட்டேன். பின்னாடி கேக் இருக்குடா. மூணு அடுக்கு. கிரீம் எல்லாம் உருகுது."

"கேக்கை விடு. ரேடியேட்டர் மூடியத் தொட்டுடாத, கை வெந்துடும். வரேன்."

சட்டையில் ஒரு கையை நுழைக்கும்போதே காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மறு கை தொங்க அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அது மாமாவின் பழைய டீசல் கார். மாமா என்றால் அக்காவின் கணவர். அவர் ஆபீசுக்கு பைக்கில் போவார். பகலில் அக்கா காரை எடுப்பாள். வீட்டில் கேக் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். மூன்றடுக்குக் கேக்கை பைக்கில் கொண்டுபோக முடியாது. இரவில் நான் எடுப்பேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றவனுக்கு மாடியில் ஒரு அறையும், தெரிந்தவரிடம் சொல்லி ஒரு வேலையும், போய்வர வண்டியும் கொடுத்தவர் மாமா. ஒரே வண்டிக்குப் பகல் பெண்டாட்டி ஒன்று, ராத்திரிப் பெண்டாட்டி ஒன்று என்று கேலி செய்வார்.

சில நாட்களுக்கு முன்பு, வேலைக்குக் கிளம்பும்போது முன்விளக்கு எரியவில்லை. நன்றாக இருட்டிவிட்டது, நேரமும் ஆகிவிட்டது. பானட்டைத் திறந்து பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தேன். அதில் தீப்பெட்டியைப் பாதியாக வெட்டிய அளவில் கறுப்பு ரிலேக்கள் வரிசையாகச் செருகியிருக்கும். சுவிட்ச் சின்ன கரண்டில் ஜாடை காட்டினால் பெரிய கரண்டைத் திறந்துவிடுவது ரிலேயின் வேலை. முன்விளக்கின் ரிலேயைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். கருகிய வாடை. அதற்கு அடுத்த குழியில் அச்சு அசல் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. ரேடியேட்டர் ஃபேனுக்கானது. அதைப் பிடுங்கி விளக்குக்குச் செருகினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. குழி காலியாக இருந்தால் தண்ணீர் இறங்குமே என்று கருகியதை ஃபேன் குழியில் செருகினேன். நாளைக்குப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மதியம் வரை தூங்கினேன், எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன்.

என் ஓட்டத்துக்கு அந்த ஃபேன் தேவையே இல்லை. ராத்திரி ரோடு காலி. வண்டி நிற்காமல் ஓடும். எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே படுத்திருக்கும். வெயிலில், நெரிசலில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவர்களுக்குத்தான் ஃபேன் வேண்டும். அக்காவுக்கு.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. இரண்டு நாளைக்கு முன்னால் என் அறை வாசலில் நின்று அக்கா கேட்டாள். "ஏன்டா, சிக்னல்ல நின்னா ஏசி சூடா ஊதுது. ஓட ஆரம்பிச்சா சரியாயிடுது. என்னவா இருக்கும்?" ஃபேன் ஓடாவிட்டால் அப்படித்தான் ஊதும். அது எனக்குத் தெரியும். அந்த நொடியிலேயே தெரியும். "கேஸ் கம்மியா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் மாமா வந்திருந்தார். கார் ஓரமாகத் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது. அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கேக்கை ஒரு மருந்துக்கடை நிழலில் வைத்துவிட்டு அக்கா அதன்மேல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல் அடுக்கு குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"முள்ளுன்னு ஒண்ணு இருக்கே, அதப் பாக்கலையா நீ?" என்றார் மாமா.

"பாத்தேங்க. ஏறிச்சு. இன்னும் ஒரு திருப்பம்தானேன்னு..."

"ஒரு திருப்பம்! எஞ்சின் திரும்பிப் படுத்துக்கிச்சு. ஏசி போட்டிருந்தியா?"

"கிரீமுக்காகப் போட்டேன்."

"கிரீமுக்காக!" மாமா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மாப்ள? டீசல் எஞ்சினை ஃப்ரிட்ஜுன்னு நெனச்சிருக்கா உங்க அக்கா."

நான் சிரித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து வண்டிக்கடியில் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

சாவியைத் தருமாறு மாமா கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அதை அவர் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூல் போய்க் கற்றுக்கொண்டு, லைசென்ஸைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவள் அவள். இப்போது சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒர்க் ஷாப்பில் விட்டோம். அங்கே வயரிங் வேலை பார்ப்பவருக்கு 'கரண்ட்டு' என்று பெயர். கார் பேட்டரியில் யாருக்கும் ஷாக் அடிக்காது, அவருக்கு மட்டும் அடிக்கும் என்பார்கள். மறுநாள் காலை வேலை முடிந்து நேராக அங்கே போனேன். மாமாவும் ஆபீசுக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் மேல் ஹோஸ் வெடித்திருந்தது. அதை மாற்றித் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். சத்தம் சரியாக இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை.

"நல்ல வேளை, உடனே நிறுத்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா ஹெட் வளைஞ்சிருக்கும். அப்புறம் எஞ்சினைக் கழட்டிக் கூறு போட வேண்டியதுதான்" என்றார் கரண்ட்டு. "யாரு ஓட்டுனது?"

"என் வொய்ஃப்."

"அதான பாத்தேன்" என்றார் கரண்ட்டு. உடனே நிறுத்தியதைப் பாராட்டிய வாய் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. மாமா அசடு வழியச் சிரித்தார்.

பிறகு ஃபேனுக்கு வந்தார்கள். எஞ்சின் சூடாகி முள் ஏறியும் ஃபேன் அசையவில்லை. கரண்ட்டு பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயரை இழுத்து ஃபேனுக்குக் கொடுத்தார். புயல் மாதிரி சுற்றியது. மோட்டார் நல்லது. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நல்லது. ரேடியேட்டர் ஓரத்தில் சூட்டை அறியும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் பிளக்கைக் கழற்றி, இரண்டு பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். அப்படிச் செய்தால் ஃபேன் ஓட வேண்டும்.

ஃபியூஸ் பெட்டிக்குள் 'டிக்' என்றது. ஃபேன் ஓடவில்லை.

"ரிலே அடிக்குது. ரிலே நல்லாருக்கு. அப்போ நடுவுல எங்கயோ வயர் கட்டாயிருக்கு."

எனக்கு வாய் வரை வந்தது. ரிலே 'டிக்' என்று அடித்தால் உள்ளே இருக்கும் காந்தம் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். கரண்டைக் கடத்தும் முனை கருகிப் போயிருந்தாலும் அது அடிக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்பதால் வீட்டில் ஆள் இருப்பதாக ஆகிவிடாது. பக்கத்துக் குழியில் இருப்பதைப் பிடுங்கி மாற்றிப் போட்டுப் பார்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். அதைச் சொன்னால், இது உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

"வயரைப் பிரிச்சுப் பாருங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

கரண்ட்டு உற்சாகமாக பம்பர் பக்கமிருந்து டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். கோழிக் குடலை உருவுவதுபோல் வயர் கொத்து வெளியே வந்து கிடந்தது. ஒவ்வொரு வயராக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். கிழக்குத் தெருவில் தொலைத்ததை மேற்குத் தெருவில் தேடிக்கொண்டிருந்தார், நானும் கூடவே நின்று டார்ச் பிடித்தேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, இனிமே வீட்டுல வந்து வாங்கிக்கிறதா இருந்தா மட்டும்தான். ஆமா, வண்டி இல்ல. இல்லம்மா, சரியானாலும் நான் ஓட்டுறதா இல்ல." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னடா சொல்றாங்க?"

"வயர் பாக்குறாங்க."

"என் தப்புதான்டா. முள்ளப் பாத்தும் ஓட்டுனேன் பாரு. அவரு சொன்ன மாதிரி எனக்கெல்லாம் எதுக்கு இந்த வேல?"

அவளுக்கு யார்மேலும் சந்தேகம் இல்லை. அதுதான் என்னைத் தின்றது. கொஞ்சம் சந்தேகப்பட்டு அதட்டிக் கேட்டிருந்தால் உளறியிருப்பேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாள். "சரி விடு" என்று பெரிய மனது பண்ணினார் மாமா. வண்டி சரியாகும் வரை கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த, கிடங்கில் என்னோடு வேலை பார்ப்பவன் பைக்கில் வந்து ஹாரன் அடித்தான். கை கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் தூங்கப் போகவில்லை. உதிரிபாகக் கடை திறக்கும் வரை வாசலில் காத்திருந்து ஒரு ரிலே வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஒர்க் ஷாப்பில் கரண்ட்டு பிரித்த வயர்களுக்கெல்லாம் புது டேப் சுற்றி முடித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, உன் வண்டிக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்கப்பா. எல்லா வயரும் நல்லாருக்கு, ஃபேன் மட்டும் ஓட மாட்டேங்குது."

"டீ குடிச்சிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அவர் போனதும் கருகியதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினேன். சாவியைத் திருப்பி, சூட்டை அறியும் சுவிட்சின் பிளக்கில் கம்பித் துண்டை வைத்தேன். 'டிக்'. ஃபேன் இரைந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தது. பழைய ரிலேயை ஒர்க் ஷாப் வாசலில் ஓடும் சாக்கடையில் போட்டேன். போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். திருடன்தான் அப்படிப் பார்ப்பான்.

சத்தம் கேட்டுக் கரண்ட்டு டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

"பாத்தியா! நேத்து நான் சுத்துன டேப்பு இப்ப வேல செய்யுது! எங்கயோ லூஸா இருந்திருக்கு, இறுக்கிச் சுத்துனதும் பிடிச்சுக்கிச்சு."

"ஆமாண்ணே" என்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். வண்டி சரியாகிவிட்டது, அக்கா ஓட்டலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. சாவி மறுபடி மாமாவின் பைக்குள் போனது, வெளியே வரவில்லை.

"ஃபேன் சரியாயிடுச்சே மாமா?"

"ஃபேன் சரியாயிடுச்சு மாப்ள. முள்ளு ஏறுறதப் பாத்துட்டே ஓட்டுறவள எந்தக் கரண்ட்டு வந்து சரி பண்ணுவான்?"

அக்கா அதைக் கேட்டுக்கொண்டே வந்து டீ வைத்தாள். "அவரு சொல்றது சரிதான்டா. எனக்கும் பயமா இருக்கு. பெரிய ரோட்டுல இருக்குல்ல அந்த பேக்கரி, அங்க கிரீம் பூசுறதுக்கு ஆள் கேக்குறாங்களாம். நாளன்னிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். ஆர்டரு, டெலிவரி ஒண்ணும் கிடையாது."

"நீ செய்ற கேக்கு?"

"அதான் சொன்னேனே, கிரீம் பூசுறதுன்னு. கேக்கு அவங்க செய்வாங்க."

அவள் போட்ட டீ ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொழில் போகிறது. தெருவில் அவளுக்கு 'கேக் அக்கா' என்று பெயர். அந்தப் பெயரும் போகப் போகிறது. எல்லாம் நான் கடைக்குப் போகச் சோம்பல்பட்டதால்.

மறுநாள் மாமாவுக்கு விடுமுறை. வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, வயர்ல ஒண்ணும் இல்ல. நான்தான் ஃபேன் ரிலேயக் கழட்டி லைட்டுக்குப் போட்டேன். கருகுனத ஃபேனுக்குச் செருகிட்டேன். அதுனாலதான் கொதிச்சுது. அக்கா தப்பு இல்ல. முள்ளு வழக்கமா எறங்கிடும், அந்த நம்பிக்கையிலதான் ஓட்டியிருக்கா. ஆவி வந்ததும் நிறுத்துனாளே, அதுனாலதான் எஞ்சினே தப்பிச்சுது."

மாமா துணியை வாளியில் முக்கினார், பிழிந்தார். கண்ணாடியைத் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

"மாமா..."

"கேளு மாப்ள. அவ வண்டி எடுத்துட்டுப் போனா எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடாது. லாரிக்காரன் இடிச்சானா, போலீஸ்காரன் பிடிச்சானான்னு ஒரே நெனப்பு. வேண்டாம்னு சொன்னா கேக்குறவளா? இப்ப அவளே வேண்டாங்கறா. நல்லதா முடிஞ்சுபோனத எதுக்குக் கிளறணும்?" சட்டென்று பையில் கைவிட்டார். "இந்தா சாவி. நீயே வெச்சுக்க. ராத்திரி மட்டும் இல்ல, பகல்லயும் உனக்கு வேணும்னா எடு. நானும் ஒண்ணும் கேக்கலை, நீயும் ஒண்ணும் சொல்லலை."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்ததும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

நான் கை நீட்டிச் சாவியை வாங்கினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். ரிலேயை மாற்றியது சோம்பேறித்தனம், வாயை மூடிக்கொண்டது கோழைத்தனம். சாவியை வாங்கியதற்கு அப்படி ஒரு பெயர் வைத்துத் தப்பிக்க முடியாது. கை தானாக நீண்டது. உள்ளங்கையில் சாவி சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது.

உள்ளே அக்கா கேக் தட்டுகளையும் கிரீம் பிழியும் குழாய்களையும் காகிதத்தில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பரணில் போடுவதற்கு.

"ஸ்டூல் எடுத்துட்டு வாடா."

"அக்கா, ஃபேனை நான்தான் கெடுத்தேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே சொன்னதை விட இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்தாள், பெட்டிக்குள் வைத்தாள், பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏசி சூடா ஊதுதுன்னு உன்கிட்டதானே வந்து கேட்டேன்?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அவருகிட்ட மன்னிப்புக் கேக்குறப்ப எதிர்லதானே உக்காந்து சாப்பிட்ட?"

"ஆமா."

"இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு தட்டை நீட்டுன."

நீட்டியிருந்தேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு இருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"இப்பதான் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

நான் கையைத் திறந்தேன். அவள் சாவியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வந்தது. பிறகு அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க."

மாமா நகர்ந்தார். அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். நான் மறுபக்கம் ஏறினேன். அவள் ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. உச்சி வெயில். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஏசி சுவிட்சை நோக்கி நான் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாத. ஏசி போட்டா ஃபேன் உடனே ஓடிடும். முள்ளு தானா ஏறட்டும். ஏறினா ஓடுதான்னு பாக்கணும்."

வேர்த்துக் கொட்டியது. முள் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் நகர்ந்தது. பாதியைத் தொட்டது. பாதியைத் தாண்டியது. அக்காவின் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. வெளியே மாமா வாளியோடு நின்றார். பானட்டுக்குள் 'டிக்' என்றது, ஃபேன் இரைந்தது. முள் ஒரு மயிரிழை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது.

"போதும்க்கா, ஓடுது."

"ஒரு தடவ ஓடுனத நம்ப முடியாது."

காத்திருந்தோம். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மன்னிச்சுக்கக்கா என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த வார்த்தையை இந்த வீட்டில் அவள் ஒரு தடவை வீணாகச் செலவு செய்துவிட்டாள். நான் சொன்னால் மலிவாக இருக்கும். முள் மறுபடி ஏறியது. ஃபேன் மறுபடி ஓடியது.

"இறங்கு."

இறங்கினேன். அவள் கண்ணாடியை இறக்கி மாமாவைப் பார்த்தாள்.

"பேக்கரிக்காரங்ககிட்ட வரலன்னு சொல்லிட்டு வரேன். அப்படியே அந்த மூணு அடுக்குக் கேக்குக்காரங்க வீட்டுக்கும் போயிட்டு வரேன். அவங்களுக்கு ஒரு கேக்கு பாக்கி இருக்கு."

"போன்ல சொன்னா போதாதா?" என்றார் மாமா.

"போதாது."

"வெயிலா இருக்கே..."

"பகல்ல வெயில்தாங்க இருக்கும்."

வண்டி பின்னால் போய், வளைந்து, தெருமுனையில் நின்று நிதானித்து, திரும்பி மறைந்தது. மாமா வண்டி துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிடிபட்டவன் முகம் இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சாவி இனி வராது மாப்ள" என்றார். "ராத்திரிக்கு எதுல போவ?"

"பஸ் இருக்கும் மாமா."

"அந்நேரத்துக்கு ஏது பஸ்ஸு?"

"முன்னாடியே கிளம்பிடுறேன்" என்றேன். வாளியை எடுத்து மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பரணுக்குப் போகாமல் அடுப்படியில் கிடந்த பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை அடுக்க உள்ளே போனேன்.